பெங்களூரு மாடியில் ஆவாரை: விதை முதல் பூ வரை

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் அல்சூர் மார்க்கெட்டுப் பக்கம் போனால், தரையில் சாக்கை விரித்து ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி விற்றுக்கொண்டிருப்பார்கள். தர்மபுரி பக்கம் எங்கள் ஊரில் காப்புக் கட்ட யாரும் காசு கொடுத்துப் பூ வாங்கியதில்லை. தண்டவாளத்து ஓரமாக நூறு அடி நடந்தால் புதர் புதராக நிற்கும், ஒடித்துக்கொண்டு வர வேண்டியதுதான். இங்கே ஒரு கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "பூவெல்லாம் தொங்கிப்போச்சேம்மா" என்றேன். விற்ற அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நேத்து ராத்திரி கிருஷ்ணகிரியில ஏத்துன பூ கண்ணு, தொங்காம என்ன பண்ணும்? அவ்ளோ ஆசைன்னா வீட்ல ஒரு செடி வச்சுக்கோ."

வைத்தேன். முதல் செடி ஆவாரையே இல்லை. இரண்டாவது அழுகிச் செத்தது. மூன்றாவது ஐந்து வருடமாக மாடியில் நிற்கிறது. தண்ணீர் இல்லாமல் செத்த ஆவாரையை இதுவரை நான் பார்த்ததில்லை. தண்ணீர் ஊற்றிச் செத்ததைப் பார்த்திருக்கிறேன், கொன்றவனே நான்தான். கீழே எழுதியிருப்பதில் பாதி, எதைச் செய்யக் கூடாது என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

எது ஆவாரை?

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். பெங்களூரில் மஞ்சள் பூவுக்குப் பஞ்சமே இல்லை. சாலையோரம் பெருங்கொன்றை, சரக்கொன்றை, வேலியில் மஞ்சள் மணிப்பூ, காலி மனையில் தகரை என்று எல்லாம் மஞ்சள்தான். நர்சரியில் போய் "ஆவாரம்பூச் செடி" என்று கேட்டபோது எனக்குக் கொடுத்தது, ஆவாரையின் சென்னா இனத்திலேயே தோட்ட அலங்காரத்துக்கு வைக்கும் வேறொரு வகை. பூ ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும். எட்டு மாதம் வளர்த்த பிறகு ஊரிலிருந்து வந்த அத்தை ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது எங்கடா ஆவாரை? காது எங்க?" என்று கேட்டார்.

அந்தக் காதுதான் அடையாளம். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் வட்டமான சின்னப் பச்சைச் செதில்கள் இருக்கும். பார்த்தால் அச்சு அசல் காது மடல் மாதிரியே தெரியும். ஆவாரையின் அறிவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பழைய புத்தகங்களில் காசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும். ஆரிகுலேட்டா என்றால் காது உடையது என்று பொருள். மற்ற வகைகள் பலவற்றில் இந்தச் செதில் நூல் மாதிரி மெலிதாக இருக்கும், அல்லது சீக்கிரம் உதிர்ந்துவிடும். ஆவாரையில் பெரிதாக, அப்படியே நிற்கும். அடுத்து இலையை எண்ணுங்கள். ஒரு காம்பில் 8 முதல் 12 ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும், நுனி மழுங்கியிருக்கும். காய் மூன்று நான்கு அங்குல நீளத்தில், காகிதத்தைப் போலத் தட்டையாகத் தொங்கும்.

பேயாவரை என்ற ஒன்றை மட்டும் கண்டிப்பாக ஒதுக்கத் தெரிய வேண்டும். பொன்னாவிரை என்றும் சொல்வார்கள். நான்கைந்து ஜோடிக் கூரான இலைகள், கசக்கினால் கெட்ட வாடை. காலி மனைகளில் தானாகவே முளைக்கும். இதன் விதை நஞ்சு. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் குழந்தைகளைப் பலி வாங்கிய மர்ம நோய்க்கு, அவர்கள் விளையாட்டாகத் தின்ற இந்த விதைதான் காரணம் என்று 2000களில் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கப் போகிறீர்கள் என்றால், காதைப் பார்க்காமல் எந்த மஞ்சள் பூவையும் பறிக்காதீர்கள்.

நர்சரியில் கேட்பதானால் ஆவாரை என்று கேட்காமல் கன்னடப் பெயரில் "தங்கடி" அல்லது "ஆவரிகே" என்று கேளுங்கள். தெலுங்குக்காரர் என்றால் "தங்கேடு". பெயர் தெரிந்தாலும் செடி கிடைப்பது கஷ்டம்தான். சும்மா காட்டில் கிடப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அவர்கள் வளர்ப்பதே இல்லை.

விதை

ஊருக்குப் போய் வரும்போது எடுப்பதுதான் நல்ல வழி. ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி போகும் வழியிலும், கோலார் பக்கத்துப் பொட்டல்களிலும் நிறைய இருக்கிறது. மாசி, பங்குனியில் காய்கள் காய்ந்து பழுப்பாகத் தொங்கும். குலுக்கினால் சலசலவென்று சத்தம் வர வேண்டும். ஒரு காயில் பன்னிரண்டிலிருந்து இருபது விதை வரை இருக்கும், பத்துக் காய் பறித்தால் தெருவுக்கே போதும். ராமநகரத்துக் குன்றுகள் மாதிரிப் பாதுகாக்கப்பட்ட காடுகளில் கைவைக்க வேண்டாம். ராமதேவர பெட்டா, பாறு கழுகுகளுக்கான சரணாலயம். சாலையோரத்தில் கிடைப்பதே தாராளம்.

வீட்டுக்கு வந்து காயைப் பிரித்ததும் விதைகளை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். குண்டூசி குத்தியது போல ஓட்டை இருந்தால் உள்ளே வண்டு தின்றுவிட்டது என்று அர்த்தம். பயறில் விழும் வண்டைப் போன்றதுதான் இதுவும். என் கைக்கு வரும் விதையில் எப்போதும் கால்வாசி இப்படிப் போய்விடும். மீதியைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தூக்கி எறியுங்கள்.

எப்போது

வைகாசி, ஆனி. மே மாதத்து இடிமழை இரண்டு மூன்று விழுந்து மண் சூடாகவும் ஈரமாகவும் இருக்கும் நேரம். பெங்களூரில் மழை அதிகம் கொட்டுவது செப்டம்பரில். அதற்குள் செடிக்கு மூன்று மாத வயதாகி வேர் ஆழம் போயிருந்தால் தாங்கிக்கொள்ளும். ஆகஸ்டில் விதைத்தால் பிஞ்சு நாற்று நேராக அடைமழையில் மாட்டும். கார்த்திகை, மார்கழிக் குளிரில் விதைக்கவே வேண்டாம். ஊரில் எந்த மாதம் போட்டாலும் வரும் என்று அம்மா சொல்வார். ஊர் பெங்களூரு மாதிரி 900 மீட்டர் உயரத்தில் இல்லையே.

தொட்டியும் மண்ணும்

ஆவாரையின் ஆணிவேர் நேரே கீழே இறங்கும். மேலே நான்கு இலை வரும்போதே கீழே ஒரு சாண் வேர் ஓடியிருக்கும். இதனால் இரண்டு விஷயங்கள். தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருக்க வேண்டும். அப்புறம், இடம் மாற்றி நடக் கூடாது. வளரப் போகும் தொட்டியிலேயே விதையைப் போட்டுவிடுங்கள்.

20 லிட்டர் பெயின்ட் வாளி நன்றாக ஒத்துவருகிறது. அடியில் ஐந்தாறு ஓட்டை, அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே பக்கவாட்டில் இன்னும் நான்கு ஓட்டை போடுங்கள். மாடித் தரையில் வாளி ஒட்டி உட்கார்ந்தால் அடி ஓட்டை அடைத்துக்கொள்ளும், பக்க ஓட்டைதான் அப்போது காப்பாற்றும். இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். கீழே தட்டு வைக்காதீர்கள். ஈர மண்ணோடு ஒரு வாளி முப்பது கிலோ வரை வரும். நிறைய வைப்பதாக இருந்தால் நடு மாடியில் குவிக்காமல் சுவர் ஓரமாக வரிசையாக வையுங்கள். வீட்டு ஓனரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மண்ணுக்குச் செம்மண் இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, சலித்த மட்கு அரைப் பங்கு. ஆற்று மணல் இப்போது எங்கே கிடைக்கிறது? எம்-சாண்ட் போதும், ஆனால் கழுவிப் போடுங்கள். அதில் இருக்கும் மாவுத் தூள் கழுவாவிட்டால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். தென்னை நார்க் கழிவு வேண்டாம். மற்ற மாடிச் செடிகளுக்கு அது வரம், ஆவாரைக்கு ஈரப் போர்வை. ரெடிமேட் பாட்டிங் மிக்ஸ் பாக்கெட்டில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. என் இரண்டாவது செடி அப்படிப்பட்ட மண்ணில்தான் இருந்தது.

வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடியாகப் பட வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் வெயில் வரும் அபார்ட்மென்ட் பால்கனியில் செடி உயிரோடு இருக்கும், உயரமாக ஒல்லியாக வளரும், பூக்காது. அங்கே வேறு ஏதாவது வையுங்கள்.

தரையில் வைக்க இடமிருந்தால் இத்தனை கவலையும் இல்லை. காம்பவுண்ட் ஓரம் ஒன்றரை அடிக் குழி எடுத்து, எடுத்த மண்ணையே திருப்பிப் போட்டு, இரண்டடிக்கு ஒரு செடியாக விதைத்தால் வேலியாகவே வந்துவிடும். ஆள் உயரத்தைத் தாண்டும். தெருவில் திரியும் மாடுகள் சாதாரணமாக இதில் வாய் வைப்பதில்லை.

விதையின் தோலை உடைப்பது

விதையை அப்படியே மண்ணில் போட்டுவிட்டு, "முளைக்கவே இல்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். தப்பு விதையில் இல்லை. தண்ணீர் புகாத கெட்டித் தோல் அதற்கு இருக்கிறது. காட்டில் வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து அந்தத் தோல் மெல்ல விரிசல் விடும்வரை, விதை மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். நாம் அதை ஒரே ராத்திரியில் செய்ய வேண்டும்.

பத்துப் பதினைந்து விதை என்றால் நகவெட்டியே போதும். விதையின் ஒரு முனை கொஞ்சம் கூராக இருக்கும். காயோடு ஒட்டியிருந்த இடம் அது, முளை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். எதிர்முனையில் தோலில் மட்டும் ஒரு துணுக்கு வெட்டுங்கள். பழுப்புத் தோலுக்குக் கீழே வெளிறிய உட்பகுதி ஊசி முனை அளவுக்குத் தெரிந்தால் போதும். விதை வழுக்கி ஓடும், துணியில் பிடித்துக்கொள்ளுங்கள். கைநடுக்கம் இருந்தால் உப்புத்தாளில் தேய்க்கலாம், பளபளப்பு போகும்வரை.

நிறைய விதை என்றால் வெந்நீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு நிமிடம் கழித்து விதையின் மேல் ஊற்றி அப்படியே விட்டுவிடுங்கள். அடுப்பில் வைத்து விதையோடு கொதிக்க விட்டால் சுண்டல்தான்.

எந்த வழியில் செய்தாலும் ராத்திரி முழுக்க ஊற வேண்டும். காலையில் பார்த்தால் சில விதைகள் இரண்டு மடங்காக உப்பி, தோல் மெத்தென்று இருக்கும். சில நேற்றைப் போலவே கல்லாகக் கிடக்கும். உப்பியதை உடனே விதையுங்கள். கல்லை மறுபடி கீறி இன்னொரு ராத்திரி ஊறப் போடுங்கள்.

ஒரு வாளிக்கு மூன்று விதை, அரை அங்குல ஆழம், விதைக்கு விதை நான்கு விரல் இடைவெளி. ஒரு வாரம், பத்து நாளில் முளை வரும். முதலில் வரும் இரண்டு விதையிலைகளும் தடிமனாக வேறு மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஒரு சாண் உயரம் வந்ததும் நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கத்தரியால் அடியோடு வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். எனக்கு இது ஒவ்வொரு முறையும் மனசு வராத வேலை. ஒருமுறை மூன்றையும் விட்டுவைத்தேன், மூன்றும் நோஞ்சானாக நின்றன.

தண்ணீர்

முதல் ஒன்றரை மாதம் மேல்மண் காய்ந்ததும் கொஞ்சம் தெளித்தால் போதும். அதன் பிறகு விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் செம்பைக் கீழே வைத்துவிடுங்கள். மழை இல்லாத நாட்களில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை நிறைய ஊற்றி, அடியில் வழியும்வரை விட்டு, மறுபடி காய விடுவது வழக்கம். தினம் ஒரு குவளை என்பது ஆவாரைக்கு ஆகாத பழக்கம்.

என் இரண்டாவது செடிக்கு மற்ற தொட்டிகளோடு சேர்த்துச் சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தேன். அடியிலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். பத்து நாளில் நுனி சாய்ந்தது. இழுத்துப் பார்த்தேன், முயற்சியே இல்லாமல் கையோடு வந்தது. வேர் வேகவைத்த மாதிரி பழுப்பாக இருந்தது. விரலால் உருவினால் தோல் உறையாகக் கழன்று, உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சியது. புளித்த வாடை. மஞ்சள் இலைக்குத் தண்ணீர் மருந்தில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

2024 மார்ச்சில் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். அந்தக் கோடையில் என் மாடியில் தக்காளியும் கத்தரியும் கருகின. ஆவாரைக்கு வாரம் ஒருமுறை காய்கறி கழுவிய தண்ணீர்தான். இலை கொஞ்சம் உதிர்ந்தது, அவ்வளவுதான். உப்புக் கலந்த போர்வெல் தண்ணீரையும் தாங்கும், காவிரித் தண்ணீரை இதற்கு வீணாக்காதீர்கள்.

இன்னொன்று. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இலையெல்லாம் சுருங்கிவிட்டது" என்று ஒரு நண்பர் படம் அனுப்பினார். ஆவாரை இருட்டியதும் சிற்றிலைகளை மடக்கித் தூங்கும் செடி. தூங்குகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம், காலையில் தானாக விரியும்.

உரம்

அவரைக் குடும்பம்தானே, வேர் முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் என்று பலரும் எழுதுகிறார்கள். துவரை, கொள்ளு, நிலக்கடலைக்கு அது சரி. ஆவாரை அந்தக் குடும்பத்திலேயே வேர்முடிச்சு போடாத சென்னா இனத்தைச் சேர்ந்தது. அதனால் ஆவாரை நட்டால் மண்ணில் தழைச்சத்து கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்காக மூட்டை உரமும் போடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை, கவாத்து செய்து கிளைகளை வெட்டிவிட்ட பிறகு இரண்டு கைப்பிடி மட்கு போதும். சாணக் கரைசல், பஞ்சகவ்யம் என்று ஊற்றிக்கொண்டே இருந்தால் இலை வளமாக வரும், பூ வராது.

கவாத்து

நல்ல வெயிலில் முதல் ஆண்டிலேயே ஒன்றிரண்டு கொத்துப் பூக்கலாம். முழுசாகப் பூப்பது இரண்டாம் ஆண்டிலிருந்துதான். பூ புதுக் கிளையின் நுனியில் வருவதால் வெட்டாத செடி மேலே மட்டும் பூத்து அடியில் மொட்டையாக நிற்கும். காய் பறித்து முடிந்ததும், பங்குனி கடைசியில், ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள்.

வெட்டினால் போய்விடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இதற்குத் தோல் பதனிடுபவரின் பெயரையே வைத்து டானர்ஸ் காசியா என்கிறார்கள். ஆவாரம் பட்டையின் துவர்ப்பில்தான் தென்னாட்டில் தோல் பதனிட்டார்கள். பட்டைக்காக வெட்ட வெட்ட அடியிலிருந்து துளிர்த்துப் பழகிய செடி இது.

பூப்பது, மழை முடியும் நேரத்தில் தொடங்கித் தை வரை விட்டுவிட்டு வரும். தெலங்கானாவில் இதுதான் மாநிலப் பூ. அங்கே பதுகம்மா என்ற பூத் திருவிழாவுக்கு அடுக்குவது செப்டம்பர், அக்டோபரில். நமக்கு வேண்டியது போகிக்கு. ஆகவே ஆவணிக்குப் பிறகு கத்தரியை எடுக்காதீர்கள், அப்போது வெட்டினால் தைப் பூவை வெட்டியதாக ஆகும்.

புழுவும் வண்டும்

இலையில் பச்சைப் புழு வரும், பக்கவாட்டில் ஒரு வெளிர்க்கோடு இருக்கும். மருந்தடிக்காதீர்கள். வெள்ளையில் வெளிர்பச்சை கலந்த பட்டாம்பூச்சிகளின் பிள்ளைகள் அவை, முட்டையிட ஆவாரை மாதிரிச் செடிகளைத்தான் தேடி வருகின்றன. வளர்ந்த செடியைப் பாதி மொட்டையடித்தாலும் இரண்டு வாரத்தில் மறுபடி துளிர்த்துவிடும். சின்ன நாற்றில் இருந்தால் மட்டும் எடுத்துப் பெரிய செடியில் விடுங்கள். மாவுப்பூச்சி வேறு கதை. நுனியில் வெள்ளையாகத் தெரிந்தவுடனே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, வேப்பெண்ணெய் சோப்புக் கரைசல் தெளியுங்கள்.

பூத்த பிறகு ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வெயில் ஏறும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் ஓட்டை போட்ட குழாய் மாதிரி இருக்கும் மகரந்தப் பைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ வந்து பூவைக் காலால் கட்டிப்பிடித்து உடம்பை அதிரச் செய்யும். பறக்கும்போது கேட்ட ரீங்காரம் அந்த நொடியில் சட்டென்று உச்சத்துக்கு ஏறும். பையிலிருந்து மஞ்சள் தூள் அதன் வயிற்றில் தெறிக்கும். இந்தச் சத்தம் கேட்காத மாடியில் காய் பிடிக்காது, அதனாலும் மருந்து வேண்டாம்.

பறிப்பதும் காய வைப்பதும்

காலையில் பனி உலர்ந்ததும் பறியுங்கள். உதறி எறும்பைப் போக்கி, நிழலில் செய்தித்தாளில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். வெயிலில் போட்டால் நிறம் போய்விடும். மேகம் மூடிய நாளில் ஃபேனுக்குக் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். தொட்டால் நொறுங்கும் பதம் வந்ததும் டப்பாவில் அடைக்கலாம். பத்து நல்ல பூ காய்ந்தால் ஒரு சிட்டிகைதான் வரும், மாடிச் செடியை நம்பி ஆண்டு முழுக்கத் தேநீர் குடிக்க முடியாது. எங்கள் வீட்டில் பச்சைப் பூவைப் பாசிப்பருப்போடு கூட்டாக வைப்பதற்கே சரியாக இருக்கிறது. லேசான துவர்ப்பு, சின்ன வெங்காயம் தாராளமாகப் போட்டால் தெரியாது.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று சொல்வார்கள்தான். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு ஆவாரம்பூ குடிக்க ஆரம்பிப்பது ஆபத்து. இரண்டையும் சேர்த்து எடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

அடுத்த ஆண்டுக்கு விதை

எல்லாக் கொத்தையும் பறித்துவிடாமல் அடிக்கிளையில் நான்கைந்தைக் காய்க்க விடுங்கள். காய் பழுத்துப் பழுப்பானதும் செடியிலேயே வெடிக்க விடாமல் பறித்து, விதையைப் பிரித்து, மூன்று நாள் காய வைத்து, காகிதப் பொட்டலத்தில் மடித்து ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் வண்டு முட்டை இருந்தால் அதில் செத்துவிடும். அதன் பிறகு காய்ந்த வேப்பிலையோடு டப்பாவில் போட்டு மூடலாம். நான் ஒரு வருடம் சோம்பலில் ஃப்ரீசர் வேலையை விட்டுவிட்டேன். வைகாசியில் டப்பாவைத் திறந்தால் அடியில் மாவும், மூடியில் ஊர்ந்துகொண்டு பதினேழு வண்டுகளும்தான் இருந்தன.